மனை

'வீட்டுமனை விற்பனைக்கு' என்னும் விளம்பரத்தைக் காணும்போது வெற்று நிலத்தையே நாம் மனத்திற் கொள்கிறோமாயினும், பழந்தமிழில் மனை என்பது குடியிருக்கும் இல்லத்தையும், அவ்வில்லத்து வாழ்க்கையையும், அதற்குரிய மனைவியையுமே பெரிதும் குறித்து நின்றது. பிறனில் விழையாமை அதிகாரத்தில் வள்ளுவர் மனை என்று சொல்வது மனைவியைத்தான். நிலைபெறுதலைக் குறிக்கும் 'மன்' என்னும் அடியோடு இச்சொல்லை இயைத்துக் காண்பாரும் உளர்.

சோழர் சாசனங்கள், தானம் செய்த ஊரில் அடங்கியவற்றை அடுக்கிச் சொல்லுங்கால், மனையையும் அதனைச் சார்ந்த தோட்டமாகிய மனைப்படப்பையையும் ஒருங்கே கூறும். வீடு அழிந்த பின்னும் வீடிருந்த இடத்தை அப்பெயர் விடவில்லை போலும். கோயில் நிலத்தில் வாடகை செலுத்தி வீடு கட்டிக்கொண்டோர் அந்நிலத்தை 'அடிமனை' என்பர். மேலுள்ள கட்டடம் மனிதனுடையது, கீழுள்ள மண் தெய்வத்தினுடையது என்னும் விசித்திரமான பாத்தியதை அது!

சென்னையிலோ 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்டு என்னும் அளவுக்கே மனை என்று பெயர் வழங்கலாயிற்று. பழைய அடுக்ககங்களை இடித்துப் புதிதாக எழுப்பும் இந்நாளில், குடியிருப்போர் பேரம் பேசுவது சுவரையோ கூரையையோ பற்றியன்று, பத்திரத்தில் 'பிரிக்கப்படாத பாகம்' என்று எழுதப்பட்ட சில நூறு சதுர அடி மண்ணைப் பற்றியே. அவ்வாறு இடித்துக் கட்டுவதற்கு மூன்றில் இரு பங்கு உரிமையாளர் இசைந்தாற் போதும் என்கிறது 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம்.