இரவில் தட்டப்பட்ட கதவும் ஓசையற்ற கண்காணிப்பும்

1941ஆம் ஆண்டில் ஒரு கொள்ளை வழக்கில் கைதான கரக் சிங் என்பவரை, அவருக்கு எதிராகப் போதிய சாட்சியம் இல்லாமையால் உத்தரப் பிரதேசப் போலீசார் விடுவித்தனர். குற்றம் நிரூபணமாகாத அந்த மனிதரின் பெயரில், ஆயினும், ‘சரித்திரப் பதிவேடு’ ஒன்று திறக்கப்பட்டது. கிராமச் சௌகிதாரும் போலீசாரும் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டி, கூவி எழுப்பி, தாம் வீட்டில் இருப்பதை உறுதி செய்துகொண்டு போவதாகவும், வெளியூர் செல்வதாயின் சேருமிடத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியிருப்பதாகவும், இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர் அவர் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். இன்று நம் கைப்பேசிகளின்மீது சர்க்கார் செலுத்தும் டிஜிட்டல் கண்காணிப்பு எத்தகைய நியாயவாதத்தின்மீது வளர்ந்தது என்பதை ஆராயப் புகுவோர், அந்த மனுவிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

அவ்வழக்கில் பரிசீலனைக்கு வந்த உத்தரப் பிரதேசப் போலீஸ் ஒழுங்குமுறையின் 236ஆம் விதி ஊன்றிப் படிக்கத்தக்கது. சந்தேகத்துக்குரியவரின் வீட்டையும் அதன் வழிகளையும் மறைந்திருந்து நோக்குதல், இரவில் வீட்டுக்குச் சென்று பார்த்தல், ஊரில் அவருக்குள்ள பெயர், அவருடைய பழக்கவழக்கம், சகவாசம், வருமானம், செலவு, தொழில் ஆகியவற்றைக் காலந்தோறும் விசாரித்தல், அவர் எங்கே போகிறார், எப்போது வீட்டில் இல்லை என்பதைக் காவலர் மூலம் தெரிந்துகொள்ளுதல், இவை யாவற்றையும் ஒரே ஏட்டில் தொகுத்து வைத்தல் என்று அவ்விதி விரிந்து செல்கிறது. யாரோடு பேசினோம், எங்கே நின்றோம், எதற்குப் பணம் செலுத்தினோம் என்ற விவரங்களைத் தொகுக்கும் இன்றைய கணினி, அன்று சப்-இன்ஸ்பெக்டர் கால் நோவ நடந்து திரட்டியதையே நொடிப்பொழுதில் திரட்டுகிறது. இத்தனைக்கும் அவ்விதிகளுக்குச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் ஆதாரமாக இல்லை. அவை வெறும் நிர்வாக உத்தரவுகளே என்று நீதிமன்றமே கண்டது.

இந்த வழக்கத்தின் வேர் பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்கிறது. 1871இல் பிறந்து, 1911இல் சென்னை ராஜதானிக்கும் விரிவுபடுத்தப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், தனி மனிதன் செய்த குற்றத்தைப் பாராமல் பிறப்பையே காரணமாகக் கொண்டு முழுச் சமூகங்களைப் பதிவேட்டில் ஏற்றிற்று. மதுரைச் சீமையில் மக்கள் அதற்கு ‘ரேகைச் சட்டம்’ என்றே பெயரிட்டிருந்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்து நின்ற பிரமலைக் கள்ளர்கள்மீது போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். மாயக்காள் என்ற பெண்ணும் அன்று உயிர் துறந்தோருள் ஒருவர். தம்மைக் குறித்த அடையாளத்தைப் பிறர் ஏட்டில் பதித்து வைப்பது அடிமைத்தனம் என்பதை, அந்தரங்க உரிமை என்ற சட்டச் சொல்லைக் கேட்டறியாத அந்தக் கிராமத்து மக்கள் உயிரைக் கொடுத்து உணர்த்தினார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிடுவது ஆராய்ச்சியாளரின் கடமையென்றே கருதுகிறேன்.

கரக் சிங் வழக்கில் 1962 டிசம்பர் 18ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இரவில் வீட்டுக்குள் வந்து பார்ப்பது செல்லாது என்று ஆறு நீதிபதிகளும் ஒருமுகமாக ஏற்றனர். ஆனால் எஞ்சிய கண்காணிப்பை நீதிபதி ராஜகோபால ஐயங்கார் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. மறைந்திருந்து நோக்குவதால் ஒருவரின் நடமாட்டத்துக்குத் தடை நேர்வதில்லை. சுதந்திரம் என்பது ஸ்தூலமான தடையைக் குறித்ததேயன்றி மனத்தில் விளையும் சஞ்சலத்தைக் குறித்ததன்று. அந்தரங்கம் அரசியல் சாசனம் உறுதியளித்த உரிமையுமன்று என்பது அதன் சாரம். கதவு தட்டப்பட்டால் உரிமை மீறப்பட்டதாகவும், ஓசையின்றிப் பார்த்தால் மீறப்படாததாகவும் கொள்ளும் இத்தர்க்கத்தைவிட டிஜிட்டல் யுகத்துக்கு உகந்த அனுமதிச் சீட்டு வேறில்லை. ஏனெனில் அந்த யுகத்தின் காவலன் கதவைத் தட்டுவதே இல்லை. நீதிபதி ஷாவும் உடன்பட, நீதிபதி கோகா சுப்பா ராவ் எழுதிய மாறுபட்ட தீர்ப்போ, கண்காணிப்புக்கு உள்ளான மனிதனுக்கு நாடு முழுவதுமே சிறையாகிவிடுகிறது என்ற கருத்தில் அவ்விதி முழுவதையும் நிராகரித்தது.

இதற்கிடையே கம்பி வழியே செல்லும் சொற்களுக்கு வேறொரு சட்டம் ஆண்டது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்து 5ஆம் பிரிவைக் கொண்டே சுதந்திர இந்தியாவிலும் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்ட செய்தி 1991இல் வெளிப்பட்டதன் விளைவாக எழுந்த மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில், நீதிபதியின் முன் அனுமதி பெற்றே ஒட்டுக்கேட்க வேண்டுமென்று வழக்கறிஞர் ராஜீந்தர் சச்சார் வாதாடினார். 1996இல் தீர்ப்பளித்த நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. உள்துறைச் செயலாளர் உத்தரவிட வேண்டும், உத்தரவு இரண்டு மாதமே செல்லும், எவ்வாறாயினும் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது, செயலாளர்கள் அடங்கிய குழு அதை மறுபரிசீலனை செய்யும் என்ற ஏற்பாட்டோடு அது நின்றுவிட்டது. இந்தக் குழுவின் முன்னே ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 வரை உத்தரவுகள் குவிவதாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான நிபுணர் குழு 2018இல் எழுதியது. இரண்டு மாதத்துக்கொரு முறை கூடும் சில அதிகாரிகள் அத்தனை உத்தரவுகளையும் படித்துப் பார்ப்பது ஆகக்கூடிய காரியமா என்பதை வாசகர்களே நிதானிக்கலாம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, 2008ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர், தந்திச் சட்டத்தில் இருந்த ‘பொது நெருக்கடி’, ‘பொதுப் பாதுகாப்பு’ என்ற நிபந்தனைகளையும் கைவிட்டு, எந்தக் குற்றத்தின் புலன்விசாரணைக்காகவும் கணினித் தகவலை இடைமறிக்கலாம் என்று வாயிலை அகலத் திறந்தது. 2018 டிசம்பரில் பத்து நிறுவனங்களுக்கு அந்த அதிகாரம் உரியதென அறிவிக்கப்பட்டது.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில்தான், 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி, ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்று பிரகடனம் செய்து, கரக் சிங் தீர்ப்பின் மறுப்பைத் தள்ளினர். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சிறுபான்மையாய் நின்ற சுப்பா ராவின் அபிப்பிராயம் அன்று வென்றது. கண்காணிப்புக்குச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும் என்ற அளவுகோல்களும் அன்றே வகுக்கப்பட்டன. ஓராண்டுக்குப் பின்னர் ஆதார் சட்டத்தின் பெரும்பகுதியை அதே நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அங்கீகரித்தது.

பெகாசஸ் உளவு மென்பொருளைப் பற்றி 2021இல் எழுந்த விவகாரத்தில், நீதிபதி ஆர். வி. ரவீந்திரன் மேற்பார்வையிட்ட குழு 29 கைப்பேசிகளைச் சோதித்து, ஐந்தில் ஏதோவொரு தீங்கு மென்பொருள் இருப்பதைக் கண்டும், அது பெகாசஸ்தானா என்று அறுதியிட இயலவில்லை. மத்திய சர்க்கார் ஒத்துழைக்கவில்லை என்று அக்குழு தெரிவித்ததைத் தலைமை நீதிபதி ரமணா திறந்த மன்றத்திலேயே எடுத்துரைத்தார். கரக் சிங்குக்குக் கதவு தட்டப்பட்டதாவது தெரிந்திருந்தது; அதனாலேயே அவரால் நீதிமன்றம் ஏற முடிந்தது. இன்று ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பின்னராயினும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் சட்டத்தில் இல்லை. தெரியாத ஒன்றை எதிர்த்து எவர்தான் மனுச் செய்ய இயலும்?

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மத்திய சர்க்கார் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க இடம் தந்திருக்கிறது. அதே ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் தந்திச் சட்டத்தின் ஒட்டுக்கேட்பு அதிகாரத்தைத் தன் 20ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. அதன்கீழ் 2024 டிசம்பரில் வெளியான விதிகளிலும் உத்தரவிடுபவர் உள்துறைச் செயலாளரே. மத்தியில் அதை மறுபரிசீலனை செய்யும் குழுவிலும், அமைச்சரவைச் செயலாளர் தலைமையில், செயலாளர்களே அமர்ந்திருக்கிறார்கள். சச்சார் கேட்ட நீதிபதி அவ்விதிகளில் எங்கும் இல்லை.