விலைக்கு வாராத வானத்துப் பெயர்கள்

விண்மீன் ஒன்றுக்குத் தங்கள் பெயர் சூட்டப்பட்டிருப்பதாகக் கூறும் சான்றிதழைச் சிலர் சட்டமிட்டு மாட்டியிருப்பதைக் காண்கிறேன். இணையத்தில் பணம் கட்டினால் அனுப்பிவைக்கிறார்கள். வானியலாளர் எவரும் அந்தப் பெயரைப் பயன்படுத்தப் போவதில்லை. ஆனால், ஒரு மனிதரின் பெயர் முறைப்படி வானில் ஏறுவதற்கு வழி இருக்கிறது. அது பெரிதும் சிறுகோள்கள் வழியாகத்தான்.

1801 ஜனவரி 1 அன்று சிசிலியின் பலெர்மோ நகரில் ஜுசெப்பே பியாத்சி முதல் சிறுகோளைக் கண்டார். தானிய தெய்வமான சீரிஸின் பெயரோடு தம் அரசர் ஃபெர்டினாண்டின் பெயரையும் சேர்த்துச் சூட்டினார். பிற நாட்டு வானியலாளர்கள் அரசரை விட்டுவிட்டு தெய்வத்தை மட்டும் ஏற்றுக்கொண்டனர். அந்த எச்சரிக்கை இன்று விதியாகவே இருக்கிறது. அரசியல், ராணுவத் தொடர்பால் புகழ்பெற்றவர் பெயரைச் சூட்ட அவர் மறைந்து 100 ஆண்டுகள் கழிய வேண்டும். நம் ஊரில் தெருப் பெயர்களுக்கும் இவ்விதி வந்தால் நன்றாயிருக்கும்.

புதிதாகக் காணப்படும் சிறுகோளுக்கு முதலில் ஆண்டும் எழுத்துகளும் சேர்ந்த தற்காலிகக் குறியீடு தரப்படுகிறது. பல ஆண்டுகள் கவனித்துச் சுற்றுப்பாதை உறுதியான பிறகே நிரந்தர எண் கிடைக்கும். அதன்பின் பெயரை முன்மொழியும் உரிமை, கண்டுபிடித்தவருக்குப் 10 ஆண்டுகள் உண்டு. முடிவெடுப்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு. 'நாசா பெயர் சூட்டியது' என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் பிழை. ரோமன் எழுத்தில் 16 எழுத்துகளுக்குள் பெயர் அடங்க வேண்டும். வணிகப் பெயர்கள் கூடாது. வளர்ப்புப் பிராணிகளின் பெயரும் இப்போது விரும்பப்படுவதில்லை. ஒருவர் தம் பூனையின் பெயரான 'மிஸ்டர் ஸ்பாக்' என்பதை 2309-ஆம் சிறுகோளுக்குச் சூட்டியதால் எழுந்த முணுமுணுப்பே அதற்குக் காரணம்.

1988-இல் ஜப்பானில் கென்சோ சுசுகி கண்ட 4538-ஆம் சிறுகோள் நெடுங்காலம் எண்ணோடு மட்டுமே சுற்றியது. 2015-இல் அதற்கு விஸ்வநாதன் ஆனந்தின் பெயர் கிடைத்தது. பரிந்துரைத்தவர் சதுரங்கத்தில் ஈடுபாடுள்ள ஒரு குழு உறுப்பினர்.

ஆனந்தின் சென்னைக்கு இத்துறையில் இன்னும் பழைய உறவு உண்டு. 1861 ஏப்ரலில் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து காணப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் 'ஆசியா' என்றே பெயரிட்டார். கிரேக்கப் புராணத்திலும் அப்பெயரில் ஒரு பெண் தெய்வம் உண்டு. பிறகு சாப்போ, சில்வியா, கமில்லா, 1885-இல் வேரா. இந்த ஐந்தில் ஒன்றிலும் மதராஸின் சுவடு இல்லை. அதே வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தவர். 1874-இல் நிகழ்ந்த வெள்ளி இடைநகர்வைப் பற்றித் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மக்களுக்கு எழுதியவர். கிரேக்க தேவதைகளுக்குக் கிடைத்த இடம், அன்றைய வழக்கில் ஓர் இந்திய உதவியாளருக்குக் கிடைத்திருக்காது.

வேராவுக்குப் பின் இந்தியாவில் நூறாண்டுகளுக்கும் மேலாக மௌனம். 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் ஆர்.ராஜமோகன் அதைக் கலைத்தார். 4130 என்ற எண் பெற்ற அந்தச் சிறுகோளின் பெயர் ராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த கணித மேதைக்கு அது பொருத்தமான இடம் என்பேன். எண் முதலில், பெயர் பிறகு என்னும் முறை அவருக்குப் பிடித்திருக்கும்.

எண் பெற்ற சிறுகோள்கள் இன்று ஏழு லட்சத்துக்கும் அதிகம். பெயர் பெற்றவை சுமார் 25 ஆயிரம்தான். புதியவற்றில் பெரும்பகுதியை ஹவாயிலும் அரிசோனாவிலும் உள்ள தானியங்கித் தொலைநோக்கிகளே கண்டுபிடிக்கின்றன. எனவே, பெயரை முன்மொழியும் முதல் உரிமையும் அங்கேயே குவிகிறது. பெயர்ப் பட்டியலில் நம்மவர்களைத் தேடிப் பெருமைப்படும் நாம், இரவுதோறும் வானைத் துழாவும் அத்தகைய தொலைநோக்கி ஒன்றை நம் மலைகளில் நிறுவுவது பற்றியும் பேசலாம்.