கிண்டியின் கணினிகளும் தூசியும்

சென்னைக் கிண்டியில் கணினியின் வரலாறு குளிரூட்டிய அறையில் தொடங்குகிறது. 1960களில் கிண்டி பொறியியல் கல்லூரி வளாகத்தில் இயங்கிய அடிப்படைப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தில் ஐபிஎம் 1620 கணினி இருந்தது. 1973-இல் பக்கத்து வளாகமான இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு மேற்கு ஜெர்மனியின் கொடையாக ஐபிஎம் 370/155 வந்தது. அந்நாளில் இந்தியக் கணினி மையங்கள் பலவற்றில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குள் போவதுபோல் இருக்கிறது என்று கேலி செய்வோர் உண்டு. ஆனால் தூசிக்கு அங்கே அஞ்ச வேண்டியிருந்தது.

அக்காலக் காந்த வட்டுகளின் அமைப்பைப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு புரியும். வட்டுத் தொகுதியை எந்திரத்திலிருந்து கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்றை மாட்டுவார்கள். அதனால் அறைக் காற்று வட்டின்மேல் படும். தரவைப் படிக்கும் தலையோ வட்டைத் தொடாமல், ஓரிரு மைக்ரான் உயரத்தில் மிதந்து செல்லும். ஒரு தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். இடையில் ஒரு துகள் சிக்கினால் தலை வட்டில் உரசி, பதிந்திருந்த தரவைச் சுரண்டிவிடும். துளையட்டைகளிலிருந்து உதிரும் காகிதத் தூள் வேறு.

அதே 1973-இல் ஐபிஎம் 3340 என்ற 'வின்செஸ்டர்' வட்டு புழக்கத்துக்கு வந்தது. இதில் தலையும் வட்டும் ஒரே உறைக்குள் மூடப்பட்டிருந்தன. இன்றைய வன்தட்டின் முன்னோடி இதுவே. சில்லுகள் சிறுத்ததால்தான் கணினி மேசைக்கு வந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இந்த மூடிய உறைக்கும் அதில் பங்கு உண்டு.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலி இரண்டு வாட் அளவே மின்சாரம் எடுத்தது. அதற்குத் தனி விசிறி தேவைப்படவில்லை. 1993-இல் பென்டியம் வந்தபின் செயலியின்மேல் அலுமினியத் தகடுகளும் விசிறியும் ஏறின. 2004 அளவில் பென்டியம் 4 வகைகளில் சில 115 வாட்டைத் தொட்டன. வெப்பம் கூடக்கூட அதிகக் காற்றை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது, கூடவே தூசியும் வந்தது. வட்டிலிருந்து விரட்டப்பட்ட தூசி இப்படித் தகடுகளின் இடுக்கில் குடியேறியது.

அங்கே அது கம்பளிபோல் படிந்து காற்றை மறிக்கும். சூடேறிய பென்டியம் 4 தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உரிமையாளர் வைரஸ் என்று நினைத்து மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுவார், வேகம் மட்டும் திரும்பாது. மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் கணக்கு.

சென்னைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு தூசியோடு கலக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போது சோடியம் குளோரைடு தானே நீரை உறிஞ்சிக் கரையும். ஓடிக்கொண்டிருக்கும் கணினி சூடாக இருப்பதால் அதன் பலகை ஓரளவு உலர்ந்திருக்கும். மாதக்கணக்கில் அணைந்து கிடப்பதில்தான் ஈரம் ஏறும், செம்புத் தடங்கள் பச்சை பூக்கும், முதல்முறை மின்சாரம் கொடுத்ததும் கசிவு தொடங்கும். ஐப்பசி மழைக்குப் பூட்டிவைத்த பள்ளிக் கணினி அறை தை மாதத்தில் திறக்கப்படும்போது சில கணினிகள் உயிர்பெறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பயன்படுத்தினால் தேய்ந்துவிடும் என்று பொத்திவைப்பதால் நன்மையைவிடக் கேடே அதிகம்.

1958-இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை போன்ற இடங்களில் நிலைமை வேறு. கடைசல் பட்டறையை ஒட்டிய கணக்கு அறையில் பறப்பது இரும்புத் தூள். அது மின்சாரத்தைக் கடத்தும், இரண்டு தடங்களுக்கிடையே விழுந்தால் அங்கேயே குறுக்குச்சுற்று.

370/155 போன்ற எந்திரத்தின் அறையைத் தூய்மையாக வைக்க ஆட்கள் இருந்தார்கள். மேசைக் கணினியில் அந்த வேலை யாருடையது என்றே தீர்மானிக்கப்படவில்லை. அலுவலகத்தைப் பெருக்குபவர் பெட்டியைத் திறக்க மாட்டார், பழுதுபார்ப்பவரைப் பழுதான பிறகே அழைப்பார்கள். இத்தனைக்கும் ஆண்டுக்கு இருமுறை மின்னிணைப்பைத் துண்டித்து, பெட்டியை வெளியே எடுத்துச் சென்று காற்றுப்பீச்சியால் ஊதினால் போதும். ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று தாங்கி தேய்ந்துவிடும்.