பூச்சும் போர்வையும்

மேட் எனப்படும் பளபளப்பு இல்லாத கறுப்பு நிறத்தில், ஒளியைத் திருப்பி வீசாமல் தனக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும் மேனியோடு ஒரு கார் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் இன்று ஒரு பட்டறைக்குப் போனால், அங்கே முதலில் எழும் கேள்வி, பெயிண்ட் அடிப்பதா அல்லது வினைல் ராப் என்னும் பிளாஸ்டிக் போர்வையை ஒட்டுவதா என்பதுதான். நேற்றுப் பிறந்ததுபோல் தோன்றும் இந்தக் கேள்வி, மோட்டார் வண்டியின் சரித்திரத்தில் ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன்பே ஒரு முறை எழுந்து, பத்து வருஷ காலம் நீடித்து, பூச்சின் பக்கமே தீர்ப்பாகி, பிறகு முற்றிலும் வேறொரு தேவையை முன்னிட்டு மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது. அந்தப் பழைய வழக்கின் விவரங்களை அறிந்தால் இன்றைய வழக்கு பெரும்பாலும் தானே விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

காருக்கு வர்ணம் பூசும் வித்தை குதிரை வண்டி கட்டியவர்களிடமிருந்து வந்த சொத்து. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வர்ணத்தை மரச்சட்டத்தின் மேல் ஒரு கை பூசி, அது உலரும் வரையில் காத்திருந்து, நுரைக்கல்லால் தேய்த்து மட்டமாக்கி, அதன்மேல் மறு கை பூசி, இப்படியே பல கை ஏற்றி, கடைசியில் வார்னிஷ் கொடுத்து முடிப்பதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை பிடித்தன. முகம் பார்க்கலாம் போன்ற அந்தப் பளபளப்பு அத்தனை நாள் உழைப்பின் அடையாளமாகவே மதிக்கப்பட்டது. பளபளப்பு இல்லாத வண்டி என்றால், வேலை முடியாத வண்டி என்றே அர்த்தம். மேட் கறுப்பு பின்னாளில் பெற்ற மதிப்பை உணர்வதற்கு இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

கறுப்புக்கு மட்டும் தனியாக ஒரு பூர்வகதை உண்டு. கீழைத் தேசங்களின் அரக்கு வேலைப்பாட்டைக் கண்டு வியந்த ஐரோப்பியர், அந்த அரக்குக்கு மூலமான மரம் தங்கள் நாட்டில் வளராத காரணத்தால், வேறு சரக்குகளைக் கொண்டு அதைப்போலச் செய்ய முயன்றார்கள். 1688-ம் வருஷத்திலேயே ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் இந்தக் கலையைக் கற்பிக்க ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார்கள். நிலக்கீலை எண்ணெயோடு காய்ச்சி, டர்பெண்டைனில் கரைத்து, இரும்பின்மேல் பூசிச் சூளையில் வாட்டினால் கெட்டியான கறுப்பு கிடைக்கும் என்று கண்டபின், வேல்ஸ் தேசத்துப் பாண்டிபூலிலும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கத்து ஊர்களிலும் தகரத் தட்டுகளும் பெட்டிகளும் இவ்விதம் கறுப்பேறி ஏராளமாக விலைபோயின. ஹென்றி போர்டு தம் காருக்கு எடுத்துக்கொண்டது இந்த வம்சத்துக் கறுப்பையே. 1908 அக்டோபரில் வெளிவந்த மாடல் டி கார் தொடக்க வருஷங்களில் சிவப்பு, பச்சை, சாம்பல் முதலிய நிறங்களில் வந்ததேயன்றிக் கறுப்பில் வரவில்லை. 1914 முதல் 1925 வரையிலோ கறுப்பைத் தவிர வேறு நிறமே கிடையாது. கறுப்பு சீக்கிரம் உலரும் என்பதே இதற்குக் காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கறுப்பு மலிவாகவும் வெகுநாள் உழைப்பதாகவும் இருந்ததே அதைவிடப் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மட்கார்டு முதலிய உலோகப் பாகங்களைச் சூளையில் வாட்டலாம். உள்ளே மரச்சட்டம் கொண்ட உடற்பகுதியை அவ்வளவு சூட்டில் வைக்க இயலாது. 1914-ல் டாட்ஜ் சகோதரர்கள் தங்கள் காருக்கு பட் கம்பெனி செய்த முழு எஃகு உடலை ஏற்றபோதுதான் வண்டி முழுவதையும் சூளைக்குள் அனுப்பும் வழி திறந்தது.

சூளைக்கு அனுப்ப முடியாத வண்டிகளோ வாரக்கணக்கில் கொட்டகைகளில் கிடந்து உலர வேண்டியிருந்தன. வண்டிகளின் உற்பத்தி பெருகப் பெருக, உலரும் வண்டிகளுக்கு இடம் தேடுவதே ஒரு பெரும் தொல்லையாயிற்று. இந்த நிர்ப்பந்தத்திலிருந்து விடுபட, 1920-களின் தொடக்கத்தில் இரண்டு வெவ்வேறு பாதைகள் ஒரே சமயத்தில் தோன்றின.

முதற்பாதை அமெரிக்காவில். வெடிமருந்துத் தொழிலில் பழகிய நைட்ரோசெல்லுலோஸ் என்ற சரக்கை, நிறம் நிறையத் தாங்கியும் நீர்த்து ஓடும்படியான கரைசலாக மாற்ற டூபாண்ட் கம்பெனியின் ரசாயனிகள் வழி கண்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக் கூடத்துக் கெட்டரிங்கின் ஊக்கத்தால் அது கார்ப் பூச்சாக உருப்பெற்று, டூகோ என்ற பெயருடன் 1924-ம் வருஷத்து ஓக்லாண்டு கார்களில் நீல நிறமாக முதன்முதலில் வெளிப்பட்டது. துப்பாக்கி போன்ற கருவியால் தூவி, சில மணி நேரத்தில் உலர்த்தி, தேய்த்து மெருகேற்றிவிடலாம். எந்த நிறத்தையும் பூசலாம். நம் ஊரில் மரச் சாமான்களுக்கு ‘டூகோ அடிக்கிற’ பெயிண்டர்களின் வாயில் இன்றும் வழங்குவது அந்தப் பெயர்தான்.

இரண்டாம் பாதை பாரிஸில். 1911-ல் கார்டன் பென்னட் கோப்பைக்கான ஆகாய விமானப் பந்தயத்தில் வெற்றிபெற்ற சார்ல்ஸ் வேமன் என்ற விமானி, விமானத்தின் மரச்சட்டத்தின்மீது துணி போர்த்தும் முறையைக் கார் உடலுக்குக் கொண்டுவந்தார். மரமும் மரமும் உராயாதபடி எஃகுத் தகடுகளால் இணைத்த லேசான சட்டம். அதன்மேல் கித்தானும் பஞ்சுத் திண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தோல் போன்ற பூச்சுத் துணி. அக்காலத்து வண்டிகள் கரடுமுரடான சாலையில் எழுப்பிய கிறீச்சொலி இவ்வண்டிகளில் அடங்கிப்போயிற்று, எடையும் குறைந்தது, வர்ணம் உலரக் காத்திருக்கும் வேலையே இல்லை. பூச்சுத் துணி என்றேனே, அது இங்கே நாற்காலியிலும் சைக்கிள் சீட்டிலும் பழகிப்போன ரெக்ஸினுக்கு நெருங்கிய உறவு. அதன்மேல் ஏறியிருந்த பூச்சுச் சரக்கும் நைட்ரோசெல்லுலோஸே. ஒரே சரக்கு அங்கே பூச்சாகவும் இங்கே போர்வையாகவும் உருக்கொண்டு ஒன்றையொன்று எதிர்த்து நின்றதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

வேமன் வண்டிகளின் மேனி பெரும்பாலும் பளபளப்பற்றது. குதிரை வண்டிப் பரம்பரையில் வந்த ரசிகர்களுக்கு அது முதலில் விசித்திரமாகப் பட்டிருக்கக்கூடும். ஆயினும் வேகத்தையும் மௌனத்தையும் விரும்பிய செல்வந்தர்கள் அதை வரவேற்றார்கள். பென்ட்லி, ரோல்ஸ்-ராய்ஸ் அடிச்சட்டங்களின்மேலும், அமெரிக்காவில் ஸ்டட்ஸ் கார்களின்மேலும் துணி உடல்கள் ஏறின. 1930 மார்ச்சில் பிரான்ஸின் தெற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, ‘நீல ரயில்’ என்ற விரைவு ரயில் கலே துறைமுகத்தை எட்டுமுன் லண்டன் மாநகரில் தம் கிளப்பை அடைந்து பந்தயத்தை வென்ற வுல்ஃப் பர்னாட்டோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பென்ட்லி ஒன்று, கர்னி நட்டிங் நிறுவனத்தார் துணி போர்த்துச் செய்த கறுப்பு வண்டி. அந்தப் பந்தயத்தில் அவர் ஓட்டியது அந்த வண்டியை அல்ல, வேறொரு பென்ட்லியை, என்று ஆராய்ச்சியாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். எனினும் மேட் கறுப்பில் ஒரு கார் எத்தனை கம்பீரமாக இருக்கலாம் என்பதற்கு அதனினும் நல்ல பழைய சாட்சியை நான் அறியேன்.

இத்தனை நற்குணங்கள் இருந்தும் போர்வை ஏன் தோற்றது? கிழிந்தால் ஒட்டுப்போட்டது தெரியும். தையலிலும் விளிம்பிலும் ஈரம் புகுந்து, உள்ளே மரம் உளுத்துப்போவது வெளியே தெரியாது. இவற்றினும் பெரிய தடை உருவத்தைப் பற்றியது. துணியை ஒரு பக்கமாக வளைக்கலாம். இரு பக்கமாகவும் வளைந்து குவிந்த பரப்பில் சுருக்கமின்றி இழுத்துப் போர்த்துவது கடினம். எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி உருண்ட வடிவங்களைப் பிறப்பிக்கும் இயந்திரங்கள் பெருகவே, காரின் அழகு உருட்சியின் பக்கம் திரும்பிற்று. அந்த உருட்சியைக் கண்ணுக்கு எடுத்துக் காட்டுவது பளபளப்பு. அதை எளிதில் தருவது டூகோ. 1930-களின் தொடக்கத்திலேயே துணி வண்டிகள் வழக்கொழிந்தன.

அதன்பின் நெடுங்காலம் பளபளப்பின் ஆட்சிதான். மேட் கறுப்பு சில ஒதுக்கிடங்களில் மட்டும் உயிர்வாழ்ந்தது. யுத்த விமானங்களில் விமானியின் கண் கூசாமலிருக்க அவன் முன்னுள்ள பாகத்துக்கு மங்கல் நிறம் பூசினார்கள். அதே காரணத்தால் ராலி கார்களின் பானெட்டும் கறுத்தது. 1972-ல் சாண்ட்ரோ முனாரி மாண்டே கார்லோ ராலியில் வென்ற சிவப்பு லான்சியா ஃபுல்வியாவின் பானெட் அப்படிப்பட்டதே. கலிபோர்னியாவில் பழைய போர்டு கார்களைப் பிரித்துக் கோத்து வேகம் கூட்டிய இளைஞர்கள், பெயிண்டுக்குப் பணமில்லாமல் பிரைமரோடேயே ஓட்டினார்கள். பணமின்மையின் அடையாளமாக இருந்த அந்த மங்கல் நாளடைவில் துணிச்சலின் அடையாளமாக மாறி, பிறகு மற்றவர்கள் விரும்பிச் செய்துகொள்ளும் அலங்காரமாயிற்று. 2007-ல் லாம்போர்கினி கம்பெனி தன் ரெவென்டோன் காரைப் போர் விமானத்தை நினைவூட்டும் மங்கிய சாம்பல் நிறத்தில் வெளியிட்டது.

போர்வை திரும்பி வந்ததற்கு அலங்காரம் காரணமன்று. அதற்குக் காரணம் வியாபாரம். ஜெர்மனியில் டாக்ஸிகள் முன்பு கறுப்பாக இருந்தன. தூரத்திலிருந்தே கண்ணில் படவேண்டும் என்பதற்காக 1971-ல் யானைத் தந்த நிறம் கட்டாயமாயிற்று. சில வருஷம் டாக்ஸியாக ஓடிய தந்த நிற மெர்ஸிடிஸை அப்புறம் வாங்குவோர் அரிது. கறுப்போ வெள்ளியோ போன்ற விலைபோகும் நிறத்தில் வண்டி வாங்கி, மேலே தந்த நிற ஃபிலிமை ஒட்டி ஓட்டி, விற்கும் காலத்தில் அதை உரித்துவிடும் யுக்தியை அந்நாட்டு டாக்ஸிக்காரர்கள் கைக்கொண்டார்கள். அதற்கு ஏற்ற பொருளும் அதற்குள் பக்குவப்பட்டிருந்தது. பி.வி.சி. என்னும் முரட்டுப் பிளாஸ்டிக்கை இளக்கும் வழியை 1926-ல் வால்டோ செமன் கண்டார். இளகிய சரக்கை உருளைகளுக்கிடையே நசுக்கித் தகடாக்கினால், அது தன் பழைய உருவத்துக்குச் சுருங்கப் பார்க்கும். அதையே திரவமாக ஒரு தாளின்மேல் ஊற்றி அடுப்பில் உறையவைத்தால், சுருங்கும் புத்தி வெகுவாகக் குறைந்த, ஏறக்குறைய 50 மைக்ரான் கனமுள்ள ஃபிலிம் கிடைக்கும். சூடான காற்றைக் காட்டி இழுத்தால் அது கண்ணாடிக் கூண்டின் குமிழ் வளைவிலும் படியும். வேமனின் துணி எந்த இடத்தில் தோற்றதோ, அதே இடத்தில் இது வென்றது.

இந்தச் சரித்திரத்தின் வெளிச்சத்தில் மேட் கறுப்பைப் பார்க்கும்போது, எனக்கு மனம் போர்வையின் பக்கமே சாய்கிறது. மேட் பெயிண்டில் மங்கலைத் தருவது, மேற்பூச்சான கிளியர் கோட்டில் கலந்த நுண்ணிய சிலிக்காத் துகள்கள். அவை பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆகவே கீறல் விழுந்தால் பாலீஷ் போட வழியில்லை. போட்ட இடம் பளபளக்கத் தொடங்கிவிடும். ஒரு கதவில் சிறு கோடு விழுந்தாலும் கதவு முழுவதையும் மறுபடி அடித்தாக வேண்டும். மங்கலின் அளவும் பக்கத்துக் கதவோடு ஒத்துவர வேண்டும். ஃபிலிமிலும் கீறலைத் தேய்த்து எடுக்க இயலாது. ஆனால் அந்த ஒரு பாகத்தின் ஃபிலிமை உரித்துப் புதிது ஒட்டிவிடலாம். வண்டியை விற்கும்போது பழைய நிறமும் மீளும். எதிர்ப்பக்கத்து நியாயம் வெயில். நம் நாட்டு வெயிலில் திறந்த வெளியில் நிற்கும் வண்டியின் கூரையிலும் பானெட்டிலும், அதிலும் கறுப்பில், ஃபிலிம் வெகு சீக்கிரம் வறண்டு வெடிக்கும். உரிக்கும் பருவத்தைத் தாண்டவிட்டால் பசை உடலோடு தங்கி உயிரை வாங்கும். ஷெட் இல்லாதவருக்கும், ஒரே வண்டியை அது ஓயும்வரை வைத்துக்கொள்ளப் போகிறவருக்கும் நல்ல பெயிண்டே தக்கது.

வேமனின் போர்வைக்கு அடியில் பூச்சு கிடையாது; இன்றைய போர்வை பூச்சின்மேல்தான் நிற்கிறது. கம்பெனியில் அடித்த பெயிண்ட் ஃபிலிமை உரிக்கும்போது பெரும்பாலும் அசையாது. டிங்கர் வேலை செய்து பட்டி வைத்து மேலே அவசரமாக அடித்த பெயிண்டோ ஃபிலிமோடு சேர்ந்து பெயர்ந்து வரும். ஆகையால் பழைய வண்டிக்கு ராப் ஒட்ட நினைப்பவர், முன்பு எந்தெந்தப் பாகத்தில் மறு பெயிண்ட் நடந்திருக்கிறது என்பதைக் கனம் அளக்கும் கருவியால் அளந்து பார்த்து, அந்தப் பாகங்களை முதலில் சீர்செய்துகொண்ட பிறகே கறுப்பைப் பற்றி யோசிப்பது நல்லது.