நாற்பது குளிசை, இரண்டு வழக்கம்

யாழ்ப்பாணத்துத் தொய்வுக்காரர் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை விழுங்கும் வழக்கத்தில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முட்டு கடுமையாகி வைத்தியசாலைக்குப் போனவருக்கு நாளுக்கு 40 மில்லிகிராம், ஐந்து நாளுக்கு எழுதப்படுவது ஒன்று. முந்திய தடவை மிஞ்சியதையோ, பார்மசியில் வைத்தியரின் துண்டில்லாமல் கேட்டு வாங்கியதையோ, இழுப்பு வரும் இரவுகளில் ஒன்றிரண்டாகப் போட்டுக்கொள்வது மற்றையது. மார்கழிப் பனியும் சோளகப் புழுதியும் இருவருக்கும் பொது.

முன்னதற்கு முடிவுநாள் உண்டு; பின்னதற்கு இல்லை. முன்னதில் மூச்சுக்குழாய் அழற்சியை அடக்கப் போதிய மருந்து சேர்கிறது. பின்னதில் அன்றைய முட்டு தணியலாம், அழற்சி உள்ளே கிடக்கும். ஐந்து நாள் மருந்தைச் சட்டென நிறுத்தலாம். வாரக்கணக்கில் நாள்தோறும் விழுங்கியவர் அப்படி நிறுத்தினால், கோர்ட்டிசோல் சுரப்பதைக் குறைத்துக்கொண்ட அதிரீனல் சுரப்பி உடனே ஈடுகொடுக்காது. சிறிய அளவுதானே என்று தொடங்கியதுதான் விடுவதற்குக் கடினமாகிறது.

ஆனால் எண்ணிப் பார்த்தால் வேறுபாடு கரைகிறது. 5 மில்லிகிராம் குளிசையில், நாளுக்கு எட்டாக ஐந்து நாள் என்றால் நாற்பது. இரவுக்கு இரண்டாக இருபது இரவு என்றாலும் நாற்பது. இரண்டும் 200 மில்லிகிராம். வாழ்நாளில் மொத்தம் அரைக் கிராமுக்கும் ஒரு கிராமுக்கும் இடையிலேயே நீரிழிவு, கண்புரை, எலும்புத் தேய்வு ஆகியவற்றின் அபாயம் கூடத் தொடங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒழுங்காகத் துண்டோடு வாங்கியவரும் ஐந்தாவது தடவையில் ஒரு கிராமைத் தொட்டுவிடுகிறார். உடல் துண்டைப் பார்ப்பதில்லை.

இன்னொரு உறவு எதிர்பாராதது. இரு வகையினரிலும் பலர் அழற்சியை அடக்கும் பம்பை ஒழுங்காக அடிக்காதவர்கள். ‘பம்ப் பழகிப்போகும்’ என்ற பயம். பெக்லோமெத்தசோன் பம்பில் ஒரு நாளுக்கு 400 மைக்ரோகிராம் என்று கொண்டால், ஒரே நாளில் விழுங்கும் எட்டுக் குளிசையின் நிறை நூறு நாள் பம்புக்குச் சமம். இது நிறைக்கணக்கு மட்டுமே. மருந்தும் வீரியமும் வேறு. ஆயினும் பம்ப் மருந்து பெரும்பாலும் நுரையீரலில் வேலைசெய்கிறது, குளிசையோ உடல் முழுவதும் ஓடுகிறது. பயம் இடம்மாறி உட்கார்ந்திருக்கிறது என்றே சொல்வேன். முட்டை அப்போதைக்குத் தணிக்கும் நீலப் பம்பை மட்டும் நம்பியிருப்பதும் தீர்வல்ல. 2019 முதல் உலக வழிகாட்டிகள் அதை ஏற்பதில்லை.

கடும் முட்டில் ஐந்து நாள் குளிசை உயிர்காக்கும். அதை மறுக்க வேண்டாம். ஆனால் ஒரே வருடத்தில் இரண்டாவது தடவை தேவைப்பட்டால், கிளினிக்கில் பம்பை அடித்துக் காட்டி, முறை சரியா என்று கேளுங்கள். வீட்டில் நாள்தோறும் விழுங்கி வருபவர் தாமாக நிறுத்தாமல், எத்தனை குளிசை என்பதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.