பூஸ்டர் இருக்கையைப் பிள்ளை எப்போது விடலாம்?

பண்டார் தெங்காரா - பிள்ளை முதலாம் ஆண்டில் காலெடுத்து வைத்ததும் காரில் இருந்த பூஸ்டர் இருக்கை ஸ்டோர் அறைக்குப் போய்விடுவது பல வீடுகளில் வழக்கம். பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைக்கு இனி அது எதற்கு என்பது பெற்றோரின் எண்ணம். கூட்டாளிகள் பார்த்தால் கேலி செய்வார்கள் என்பது பிள்ளையின் கவலை. ஆனால், ஏழு வயதில் ஏறக்குறைய எந்தப் பிள்ளையும் காரில் உள்ள பெல்ட் பொருந்தும் உயரத்தை எட்டியிருப்பதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, ஏழு வயதுப் பிள்ளையின் நடுத்தர உயரம் 121 முதல் 122 செ.மீ. வரைதான். 136 செ.மீ. உயரத்தை எட்டும்போது வயது ஒன்பதரையைத் தாண்டியிருக்கும். 145 செ.மீ. ஆவதற்குப் பதினொரு வயதாகிவிடும். வகுப்பில் முன்வரிசையில் நிற்கும் குட்டையான பிள்ளைக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள் கூடுதலாகலாம்.

மலேசியாவில் தனியார் கார்களில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது அந்தோணி லோக் போக்குவரத்து அமைச்சராக இருந்தார். தொடக்கத்தில் அபராதம் இல்லாமல் அறிவுரை மட்டுமே வழங்கப்பட்டது. பின் இருக்கையில் அமர்வோர் பெல்ட் அணிய வேண்டும் என்ற விதி 2009 ஜனவரி 1இல் வந்தது. அதையே இன்னும் பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளாத நாட்டில், பிள்ளைகளுக்கான இருக்கை மெதுவாகத்தான் பழக்கமாகி வருகிறது.

இந்த விதியோடு 136 செ.மீ. உயரம், 36 கிலோ எடை, 12 வயது ஆகிய மூன்று எண்கள் பேசப்படுகின்றன. பெற்றோரைக் குழப்புவது பெரும்பாலும் எடைதான். 36 கிலோ என்பது ஆர்44 என்ற பழைய ஐ.நா. தரத்தில் பூஸ்டர் இருக்கைக்கு வகுக்கப்பட்ட உச்ச எடையும்கூட. பிள்ளைக்குப் பெல்ட் பொருந்துமா என்பதை அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. எட்டு வயதிலேயே 37 கிலோ எடையுள்ள, ஆனால் 128 செ.மீ. மட்டுமே உயரமுள்ள பிள்ளைகள் உண்டு. எடை கூடியதால் தொடை எலும்பு நீள்வதில்லை, தோளும் உயர்வதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பூஸ்டர் இன்னும் தேவை. அதிக எடையைத் தாங்கும் இருக்கையாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆர்129 என்ற புதிய தரத்தில் இருக்கைகள் உயரத்தைக் கொண்டே வகைப்படுத்தப்படுவது இந்தக் குழப்பத்தைப் பெருமளவு குறைக்கிறது.

உயர வரம்பும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. காரில் பாலம் கடந்து சிங்கப்பூர் போனால் அங்கு 135 செ.மீ. ஜெர்மனியில் 150 செ.மீ. அல்லது 12 வயது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் ஏறத்தாழ 145 செ.மீ. வரும்வரை காத்திருக்கச் சொல்கிறது. ஆக, 136ஐத் தொட்ட அன்றே பூஸ்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பெல்ட் பிள்ளையின் உடம்பில் எந்த இடத்தில் படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காரின் பின் இருக்கை பெரியவர்களின் தொடை நீளத்துக்குச் செய்யப்பட்டது. பிள்ளை முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் இருக்கையின் விளிம்புக்கு வராது. கால் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். அது சௌகரியமாக இல்லாததால் பிள்ளை தானாகவே முன்னுக்குச் சரிந்து காலை மடக்கிக்கொள்ளும். அப்போது இடுப்பு எலும்பின் மீது இருந்த பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். திடீர் மோதலில் உடலின் வேகம் முழுவதையும் குடலும் முதுகெலும்பும் தாங்க நேர்கிறது. இப்படி வரும் காயங்களுக்கு மருத்துவர்கள் 1962லேயே ‘சீட் பெல்ட் சின்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார்கள். பெரியவர்களுக்கு இடுப்பு எலும்பின் முன்முனை பெல்ட்டைக் கீழே பிடித்து வைக்கும். சிறு பிள்ளைகளுக்கு அந்த எலும்பு இன்னும் முழுமையாக வளர்ந்திருக்காது.

மேல் பெல்ட் கழுத்தை உரசும் தொல்லை இன்னொரு பக்கம். அதைப் பொறுக்க முடியாமல் பிள்ளை பெல்ட்டைக் கைக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளிவிடும். கைக்கு அடியில் போனால் விலா எலும்பு முறியலாம். பின்னால் போனால் மேலுடம்பைப் பிடிக்க எதுவுமே இல்லை. பிள்ளை அடிக்கடி இப்படிச் செய்தால் அது குறும்பு என்று திட்டுவதற்கு முன், பெல்ட் பொருந்தவில்லை என்ற அறிகுறியாக அதை எடுத்துக்கொள்ளலாம். பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளில் பெல்ட் மட்டும் அணிந்தவர்களைவிடப் பூஸ்டரில் இருந்தவர்கள் காயமடையும் வாய்ப்பு 45 விழுக்காடு குறைவாக இருந்தது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கார் நின்றிருக்கும்போது பூஸ்டர் இல்லாமல் பிள்ளையை உட்கார வையுங்கள். முதுகும் பிட்டமும் சாய்மானத்தை முழுதாகத் தொட வேண்டும். அந்த நிலையிலேயே முழங்கால் விளிம்பில் மடிந்து, பாதம் தரையில் படிய வேண்டும். கீழ்ப் பெல்ட் தொடையின் மேற்பகுதியில், இடுப்பெலும்பை ஒட்டிக் கிடக்க வேண்டும். மேல் பெல்ட் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே போக வேண்டும். கடைசிச் சோதனைதான் பலரும் மறப்பது: பயணம் முடியும்வரை அப்படியே உட்கார முடிகிறதா? பண்டார் தெங்காராவிலிருந்து ஜொகூர் பாரு போய்த் திரும்பும் இரவில், பாதி வழியில் தூங்கி ஒரு பக்கம் சாய்ந்துவிடும் பிள்ளை இன்னும் தயாராகவில்லை. ஐந்தில் ஒன்று தவறினாலும் பூஸ்டர் தொடரட்டும். அடுத்த பள்ளி விடுமுறையில் மீண்டும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையை ஒவ்வொரு காரிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அப்பாவின் மைவியில் தேறிய பிள்ளை, தாத்தாவின் பழைய சாகாவில் தேறாமல் போகலாம். பழைய கார்கள் சிலவற்றில் பின் இருக்கையின் நடுவே இடுப்புக்கு மட்டும்தான் பெல்ட் இருக்கும். அங்கே பூஸ்டரை வைக்கக்கூடாது. மேலுடம்பைப் பிடிக்கப் பெல்ட் இல்லாத இடத்தில் உயர்த்தி உட்கார வைப்பது ஆபத்தைக் கூட்டும்.

பூஸ்டருக்குப் பதில் தலையணையை மடித்து வைப்பதும் நம்மிடையே உள்ள பழக்கம். நல்லெண்ணம்தான், ஆனால் பலன் இல்லை. மோதலில் தலையணை அமுங்கி வழுக்கும்; பிள்ளை பெல்ட்டுக்கு அடியில் நழுவிவிடும். பூஸ்டரின் இரு பக்கமும் உள்ள கொக்கி போன்ற பகுதிதான் கீழ்ப் பெல்ட்டை இடுப்பில் பிடித்து வைக்கிறது.

முதுகுச் சாய்மானம் இல்லாத பூஸ்டர் மலிவு. ஆனால் ஆர்129 தரத்தில் அது 125 செ.மீ. உயரத்துக்கு மேற்பட்டவர்களுக்கே உரியது. அதற்குக் குறைந்த பிள்ளைக்கும், காரில் தூங்கும் பிள்ளைக்கும் சாய்மானம் உள்ளதே நல்லது. பின் இருக்கையில் தலைத் தாங்கி இல்லாத கார்களுக்கும் அதுவேதான். உறவினரிடமிருந்து வாங்கும் பழைய இருக்கை என்றால், அது விபத்தில் சிக்கியதா என்று கேளுங்கள். சிக்கியிருந்தால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் வேண்டாம். தர எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இல்லாததையும் தவிர்க்கவும்.

மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் பின் இருக்கையில் மூன்று பூஸ்டர் நுழையாது என்பது உண்மையான சிக்கல். இடம் போதாவிட்டால் மூத்த பிள்ளைக்குத்தான் முதல் விடுதலை என்று முடிவு செய்யாமல், மூவரின் உயரத்தையும் அளந்து பாருங்கள். வயதில் இளையவன் அக்காவைவிட உயரமாக இருப்பதும் உண்டு. பூஸ்டரை விட்ட பிள்ளைக்கு முன் இருக்கை பரிசாகக் கிடைக்கக்கூடாது. 13 வயதுவரை பின் இருக்கையே நல்லது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை.

கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு உயரம் குறிக்கும் வீடுகளில் 136, 145 இரண்டையும் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். எப்போது விடலாம் என்ற கேள்வியைப் பிள்ளையே அந்தக் கோட்டிடம் கேட்டுக்கொள்ளும். சொந்தக் காரில் தேறிய பிறகும் சில மாதங்களுக்குப் பூஸ்டர் பூட்டிலேயே கிடக்கட்டும். தாத்தாவின் காரில் ஏறும் நாளில் அது தேவைப்படும்.