பெயர் பிரிந்தது, பிள்ளைகள் பிழைத்தார்கள்

புதுச்சேரியை அடுத்த பிள்ளைச்சாவடிக் குழந்தை ஒன்றின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால், குடும்பம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே புறப்பட்டு, கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையை எட்டிவிடலாம். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த நிறுவனம் அது. 1964-இல் ஜிப்மர் என்ற பெயரைப் பெற்றது. அந்தக் காலத்தில் குழந்தைகளின் சிறுநீரகப் புற்று என்றாலே உலகெங்கும் பெரும்பாலும் வில்ம்ஸ் கட்டிதான். ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ் 1899-இல் எழுதிய ஆய்வால் நிலைத்த பெயர் அது. அந்த ஒற்றைப் பெயருக்குள் வேறு நோய்களும் ஒளிந்திருந்தன. அவற்றுள் ஒன்றான கிளியர் செல் சார்கோமாவைத் தனியே பிரித்ததே குழந்தைகளைக் காத்த முதல் சிகிச்சை என்பேன்.

1950-களில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ஆக்டினோமைசின் மருந்தைக் கொடுத்தபின் வில்ம்ஸ் கட்டியிலிருந்து மீண்ட குழந்தைகள் பெருகினார்கள். ஆனால் சிலர் மட்டும் அதே மருந்துக்கு மீளவில்லை. வில்ம்ஸ் கட்டி பெரும்பாலும் நுரையீரலுக்குப் பரவும். இவர்களுக்கோ எலும்பில் பரவியது. குழந்தைகளின் நூறு சிறுநீரகக் கட்டிகளில் மூன்று முதல் ஐந்து வரைதான் இந்தக் கிளியர் செல் சார்கோமா வகை என்பதால் எந்த ஒரு மருத்துவமனையும் தனியே அதை அடையாளம் காண்பது கடினம். 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய வில்ம்ஸ் கட்டி ஆய்வு, பல ஊர்களிலிருந்து கட்டித் திசுவின் நுண்ணோக்கி ஸ்லைடுகளை ஓரிடத்தில் குவித்தது. 1978-இல் அவற்றைப் பார்த்த ஆய்வாளர்கள் பெக்வித்தும் பால்மரும் இந்த வகையைப் பிரித்துக் காட்டினார்கள். அதே ஆண்டில் மான்செஸ்டரில் மார்ஸ்டனும் லாலரும் எலும்புக்குப் பரவும் கட்டி என்றே அதைத் தனியாக விவரித்தார்கள்.

இந்தக் குழந்தைகளின் உயிரைக் காத்தது டாக்ஸோரூபிசின் என்ற மருந்துதானே, பெயருக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். எல்லாக் கட்டிகளையும் ஒரே கணக்கில் சேர்த்திருந்தால், இந்தச் சிலருக்கு அந்த மருந்து செய்த நன்மை பெருங்கூட்டத்தில் கரைந்துபோயிருக்கும். பிரித்து எண்ணியதால்தான் அது தெரிந்தது. இந்தக் கட்டி வந்த 351 குழந்தைகளைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வில், முதல் நிலையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 98 பேர் பிழைத்திருந்தார்கள். பெயர் பிரிவது கடும் மருந்தைச் சேர்க்க மட்டுமன்று, தவிர்க்கவும் உதவும்: 1967-இல் மருத்துவர் பொலாண்டே பச்சிளங் குழந்தைகளின் ஒரு கட்டியைப் பிரித்துக் காட்டியபின், அவர்களுள் பலருக்கு அறுவையே போதும் என்று தெளிந்தது. இவ்வளவு அரிய நோய்க்கு ஏன் இத்தனை உழைப்பு என்பது அடுத்த கேள்வி. வெளியிலிருந்து தொட்டுப் பார்க்கையில் எல்லாக் கட்டியும் ஒன்றுதான். அரியதா, பொதுவானதா என்பது ஸ்லைடைப் பார்த்த பிறகே தெரியும். ஆகவே அந்தக் கண்ணாடித் துண்டை ஒவ்வொரு குழந்தைக்கும் அதே கவனத்தோடுதான் பார்க்க வேண்டும்.